சாட்சியின் சூடு

ஜெனிவாவுக்கு அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், நிலத்துக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் அட்லஸ் என்ற துகள் இயற்பியல் கருவி இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் திரவ ஆர்கான் நிரப்பிய மூன்று பெரிய தொட்டிகள். உள்ளே ஏறக்குறைய 88 கெல்வின், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 185 டிகிரி செல்சியஸ். வெளியே நின்று வேலை பார்ப்பவருக்கு அரைக்கைச் சட்டை போதும். இரண்டு உலகங்களுக்கும் நடுவே சுவரும் வெற்றிடமும் மட்டும்தான். அந்தச் சுவரைக் குடைந்துகொண்டு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்வழிகள் வெளியே வருகின்றன. அவை வெளிவரும் வாயிலைப் பொறியாளர்கள் ஃபீட்த்ரூ என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஊசிகள் நிறைந்த ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். ஆனால் நம் மெய்யியலில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்குக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. தான் எதையும் தொடாமல், எதனாலும் தொடப்படாமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் அறிவு ஒன்று உண்டா? உண்டு, அதுவே சாட்சி என்று சொல்லும் மரபுகள் இந்தியாவில் பெருமை மிக்கவை. இந்த வழக்கில் என் கட்சி எதிர்க்கட்சி. அறிகிற எதுவும் ஒரு வாயில் வழியாகவே அறிகிறது, எந்த வாயிலும் ஒருவழிப்பாதையாக இருப்பதில்லை என்பது என் வாதம்.

வாயிலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அட்லஸின் நடுத்தொட்டிக்கு 64 ஃபீட்த்ரூக்கள். இரண்டு ஓரத்தொட்டிகளுக்கும் சேர்த்து 50. ஒவ்வொன்றிலும் 1920 மின்வழிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டுகள் உண்டு: ஒன்று ஆர்கானின் பக்கம், மற்றது அறைக்காற்றின் பக்கம். இடையே வெற்றிடம். குளிரில் உலோகம் சுருங்கும்போது முறியாமல் நெளிந்துகொடுக்க மடிப்பு மடிப்பான எஃகுக் குழாய். தட்டுகளில் துருப்பிடிக்காத எஃகுச் சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்தின் ஒவ்வொரு துளையிலும் கண்ணாடியை உருக்கி நிரப்பி, அதன் நடுவில் தங்கமுலாம் பூசிய ஊசியை நிறுத்தியிருப்பார்கள். மின்சாரம் ஊசியிலிருந்து எஃகுக்குத் தாவாமல் அந்தக் கண்ணாடி தடுக்க வேண்டும். வாயுவும் கசியாமல் அதே கண்ணாடி அடைக்க வேண்டும். கண்ணாடி ஒரு வேகத்தில் சுருங்கும், எஃகு வேறொரு வேகத்தில் சுருங்கும். இரண்டையும் பகையில்லாமல் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் வேலை. அதனால்தான் இந்த மாதிரி உறுப்புகளைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, மறுபடி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஹீலியத்தை ஊதிக் கசிவு பார்க்கிறார்கள். ஹீலியம் அணு அவ்வளவு சின்னது. மயிரிழை விரிசல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதெல்லாம் கைத்திறன். என் வாதத்துக்கு வேண்டிய சங்கதி இதற்கு அடியில் இருக்கிறது. உள்ளிருந்து சேதியை வெளியே கொண்டுவரும் கம்பி, வெளியிலிருந்து சூட்டை உள்ளே கொண்டுபோகிறது. நல்ல மின்கடத்திகளே நல்ல வெப்பக்கடத்திகள் என்பதை வீடமன், ஃப்ரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் 1853இல் அளந்து சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் இந்த இரண்டு திறன்களுக்குமான விகிதம் பெரும்பாலான உலோகங்களுக்கு ஏறக்குறைய ஒன்றே. அந்த விகிதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறுகிறது என்பதை டென்மார்க்கின் லோரன்ஸ் 1872இல் சேர்த்துக்கொடுத்தார். காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது: உலோகத்தில் மின்சாரத்தைச் சுமப்பதும் வெப்பத்தைச் சுமப்பதும் ஒரே எலக்ட்ரான்கள். தூது வருகிறவனும் சூடு கொண்டுபோகிறவனும் ஒரே ஆள். ஒருவனை உள்ளே விட்டு மற்றவனை வாசலில் நிறுத்த வழியில்லை. செம்பைவிட எஃகு பலமடங்கு குறைவாக வெப்பம் கடத்தும். ஆனால் மின்சாரத்துக்கும் அதே அளவுக்கு முரண்டு பிடிக்கும். கம்பியை மெலிதாக்கினால் சூடு குறையும், தடை கூடும், சேதியில் இரைச்சல் ஏறும். பொறியாளர் இரண்டையும் தராசில் வைத்து ஓரிடத்தில் நிறுத்துகிறார். எந்தத் தட்டையும் காலியாக்க அவரால் முடிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கம்பிகள் வழியே சூடு உள்ளே ஓடுவதால் வெளிப்பக்கத் தட்டு குளிர்ந்துபோகும். அந்தமானின் லம்பா லைனில் ஒரு பெட்டிக்கடை ஃப்ரிட்ஜிலிருந்து சோடா பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தால், கடற்காற்றின் ஈரம் முழுவதும் அதன்மேல் வந்து உட்காருமே, அதேபோல அந்தத் தட்டிலும் நீர் கோக்கும். ஆயிரக்கணக்கான ஊசிகள் நிற்கிற இடத்தில் நீர் கோத்தால் மின்கசிவுதான். ஆகவே தட்டுக்கு ஹீட்டர் வைக்கிறார்கள். உள்ளே குளிரைக் காப்பாற்றத் தவிக்கிறவர்கள் வாசலில் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது. கம்பி கொண்டுபோவது சூடு மட்டுமல்ல, அழுக்கும்கூட. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் டியூன் என்ற நியூட்ரினோ பரிசோதனைக்கான ஏற்பாடுகள் நடந்துவருகின்றன. அதன் ஒவ்வொரு தொட்டியும் சுமார் 17,000 டன் திரவ ஆர்கான் கொள்ளும் அளவு. அந்த ஆர்கானில் ஆக்சிஜன் போன்ற மாசு, லட்சம் கோடியில் 100 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வரம்பு. இல்லாவிட்டால் துகள் விட்டுச்செல்லும் எலக்ட்ரான்கள் கரைசேருவதற்குள் விழுங்கப்பட்டுவிடும். திரவத்துக்கு மேலே வாயு இருக்கும் பகுதியில் கேபிளின் பிளாஸ்டிக் உறை நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுகிறது. எதைப் படிக்க அந்தக் கேபிள் போனதோ அதையே அது கறைப்படுத்துகிறது.

அவதானிப்பு என்று ஆரம்பித்தாலே ஹைசன்பர்க்கை இழுத்துவந்து நிறுத்துவது நம் பத்திரிகைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. இங்கே அவர் தேவையில்லை. குவாண்டம் நிச்சயமின்மை அணுவுக்குள் நடக்கும் நுண்ணிய விவகாரம்; அதிலிருந்து ஆன்மாவுக்குப் பாலம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் கால் இடறுகிறார்கள். நான் பேசுவது செம்பும் எஃகும் நீராவியும். ஒரு கருவி தன்னை எவ்வளவு கெட்டியாக மூடிக்கொண்டாலும், அது அறிந்ததை வெளியே சொல்ல ஒரு துளை வேண்டும். அந்தத் துளை வழியாக வெளியுலகம் உள்ளே வரும். இதற்கு 19ஆம் நூற்றாண்டு இயற்பியலே போதும்.

பொறியியல் தெரிந்தவர் இந்த இடத்தில் கை தூக்குவார். இன்றைய தொழில்நுட்பத்தின் குறையை எடுத்து நிரந்தர விதியாக்குகிறீர்கள், இந்தச் சூடு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறதே என்பார். குறைந்துகொண்டுதான் வருகிறது. அட்லஸில் ஏறக்குறைய ஒவ்வோர் உணர்புள்ளிக்கும் ஒரு கம்பி வெளியே வரவேண்டியிருந்தது. டியூனில் சமிக்ஞையைப் பெருக்கி, எண்களாக்கி, பல புள்ளிகளின் சேதியை ஒரே தடத்தில் கோத்து அனுப்பும் சில்லுகளைத் திரவ ஆர்கானுக்குள்ளேயே மூழ்கவைக்கிறார்கள். வெளியே வரும் கம்பிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. ஆனால் அந்தச் சில்லுகள் மின்சாரம் தின்பவை. கம்பியில் மிச்சம் பிடித்த சூட்டில் ஒரு பங்கைத் திரவத்துக்குள்ளேயே அவை கக்குகின்றன. ஏதாவது பழுதானால் 17,000 டன் ஆர்கானுக்குள் கைவிட்டு எடுக்கவும் முடியாது. செர்னில் எதிர்காலக் கருவிகளுக்காகக் கண்ணாடியும் ஊசியும் வேண்டாமென்று, 3டி அச்சில் வார்த்த எபாக்சிப் பிசின் சட்டத்தின் பிளவுகளில் பட்டைக் கம்பிகளை நேரே நுழைத்து ஒட்டும் முறையைச் சோதித்துவருகிறார்கள். அட்லஸைவிடப் பலமடங்கு நெருக்கமாகக் கம்பிகளை அடுக்குவது நோக்கம். நல்ல முன்னேற்றம். ஆனால் அது எதை நோக்கிய முன்னேற்றம் என்று பாருங்கள்: இன்னும் நுட்பமாக அறிய வேண்டும், அதற்கு இன்னும் அதிகக் கம்பிகள் வேண்டும், ஒவ்வொரு கம்பியின் விலை குறைகிறது, கம்பிகள் பெருகுகின்றன.

அவரிடம் இதைவிட வலுவான இரண்டு அம்புகள் உண்டு. முதலாவது மீகடத்தி. நயோபியம்–டைட்டானியம் கம்பி 9 கெல்வினுக்குச் சற்று மேலிருந்து கீழே போனதும் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும். அப்போது இணை சேர்ந்த எலக்ட்ரான்கள் வெப்பத்தைச் சுமப்பதில்லை. வீடமன்–ஃப்ரான்ஸ் விதி அங்கே உடைந்துவிடுகிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தகரத்தை மில்லிகெல்வின் குளிருக்குக் கொண்டுபோய் அதன் அபூர்வச் சிதைவைத் தேடும் முயற்சிக்கும், அதைப் போன்ற பிற ஆய்வுகளுக்கும் இப்படிப்பட்ட கம்பி ஒரு வரப்பிரசாதம். ஆனால் அது மாடிப்படியின் கடைசிச் சில படிகளில் மட்டும். அறையின் 300 கெல்வினிலிருந்து அந்தப் படி வரைக்கும் சாதாரண உலோகம்தான் வந்தாக வேண்டும். சூடு வழியில் எங்கோ இறக்கிவைக்கப்பட்டு, யாரோ ஒரு பம்பும் கம்ப்ரஸரும் அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது அம்பு கண்ணாடி இழை. ஒளி போகும், மின்சாரம் போகாது, சூடும் அற்பம். இதற்கு அந்தமானிலேயே பதில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். லம்பா லைனில் ஒருவர் சென்னையில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசினால் அந்தப் பேச்சு ஒளியாகத்தான் கடலைக் கடக்கிறது. ஆனால் வழியில் ஒளி மங்கும். அதைத் தூக்கிவிட நடுநடுவே பெருக்கிகள் வேண்டும். பெருக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும். அதற்காகவே அதே கேபிளுக்குள் செம்பும் ஓடுகிறது. டியூனிலும் சில ஒளி உணரிகளுக்கு லேசர் ஒளியையே இழை வழியாக அனுப்பி உள்ளே மின்சாரமாக மாற்றுகிறார்கள். அந்த ஒளியில் ஒரு துளி சிந்தினாலும், இருட்டில் மின்மினியைத் தேடும் கண்களில் விளக்கடித்ததாகிவிடும். ஆகவே அதையும் மூடிப் பொதிய வேண்டியிருக்கிறது. விலை இடம் மாறுகிறது, சில சமயம் மிகச் சிறிதாகவும் ஆகிறது. பூஜ்யம் ஆனதாக ஒரு கணக்கும் இல்லை.

மெய்யியல் பக்கம் வருகிறேன். சாங்கியம் உலகத்தைப் புருடன், பிரகிருதி என்று இரண்டாகப் பிரித்தது. அசைவு, மாற்றம், மனம், புத்தி எல்லாம் பிரகிருதியின் கணக்கு. புருடன் பார்க்க மட்டும் செய்கிறான். தான் அதில் கலந்திருப்பதாக எண்ணுவதே கட்டு. தனித்து நிற்பதே விடுதலை. அத்வைதம் இரண்டை ஒன்றாக்கினாலும், எதனாலும் கறைபடாத சாட்சியைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்து, அருணந்தி சிவாசாரியாரும் உமாபதி சிவமும் விரித்த சைவ சித்தாந்தம் வேறு பாதை பிடித்தது. உயிர் தானாக எதையும் அறியாது, சார்ந்ததன் வண்ணமாவதே அதன் இயல்பு என்றது. உடம்பும் பொறிகளும் மனமும் வந்து சேருவதற்கு முந்திய நிலையைக் கேவலம் என்று அது சொல்கிறது. அங்கே உயிருக்கு எந்தக் கருவியும் இல்லை. ஆணவம் மட்டும் உண்டு. அது வெறும் இருட்டு. பிறகு மாயையிலிருந்து 36 தத்துவங்களின் கூட்டம் வந்து சேர்ந்ததும் சகல நிலை. கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கிறது, தெரிவதோடு கூடவே வினையும் வந்து ஏறுகிறது. சாங்கியர் எந்தத் தனிமையை வீடுபேறு என்கிறாரோ, கிட்டத்தட்ட அந்தத் தனிமையைச் சித்தாந்தி நோய் என்கிறார். புருடன் இயல்பிலேயே ஒளி, உயிரோ ஆணவத்தால் மூடுண்டது என்ற வேறுபாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த மூடியைக் கொஞ்சமாவது விலக்கக் கருவி வேண்டும் என்று சித்தாந்தம் வற்புறுத்துவதில்தான் அதன் பலம். மாயையால் ஆன இந்த உடம்பை விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிட்டார் உமாபதி சிவம். விளக்கு என்றால் வெளிச்சத்தோடு சூடும் புகையும் உண்டு. மூன்றையும் சேர்த்துத்தான் அது விளக்கு.

தொட்டியைச் சுற்றி ஒரு துளைகூட இல்லாமல் மூடிவிட்டால் என்ன ஆகும்? ஆர்கான் குளிர்ந்து கிடக்கும். துகள் வந்து மோதும், அணுக்கள் அயனியாகும், எலக்ட்ரான்கள் நகரும். யாருக்கும் எதுவும் தெரியாது. அது கேவலம். இயற்கையில் இதைவிடத் தூய சாட்சி ஒன்றைத் தேடினால் நியூட்ரினோவைச் சொல்லலாம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு நொடிக்கு 6,000 கோடிக்கும் மேல் நம்மைக் கடந்துபோகின்றன. மலையைத் தொடாமல் மலைக்குள் போகின்றன, உடம்பைத் தொடாமல் உடம்புக்குள் போகின்றன. அவை நமக்கு எதுவும் சொல்வதில்லை, தொடாததனால்தான் சொல்வதில்லை. எப்போதோ ஒன்று ஓர் அணுக்கருவில் முட்டிக்கொள்ளும்போது, அந்த முட்டல்தான் நமக்குச் செய்தி. 1965இல் கோலார் தங்கவயலில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி ஏறிய அந்தச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் பதிவானது. உலகிலேயே முதன்முதலில் அதைக் கண்ட இரண்டு குழுக்களில் அது ஒன்று. பதிவானது நியூட்ரினோ அல்ல, அது பாறையை இடித்தபோது கிளம்பிய மியூவான்.

அத்வைதியின் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அதைச் சுற்றிவளைத்துத் தப்பிப்பது அழகல்ல. அவர் சொல்வார்: கம்பி வழியாகச் சேதி வாங்குவது அந்தக்கரணம் என்னும் உட்கருவி. நீங்கள் காட்டும் தொட்டி, தட்டு, ஊசி எல்லாமே பார்க்கப்படும் பொருள்கள். நாங்கள் சாட்சி என்பது பார்க்கப்படுவதை எல்லாம் வெளிப்படுத்தும் தன்னொளியை. அதற்கு வாயிலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஆழ்ந்து உறங்கியவன் எழுந்து, ஒன்றும் தெரியாமல் சுகமாகத் தூங்கினேன் என்கிறான்; கரணங்கள் எல்லாம் ஒடுங்கிய அந்த நேரத்திலும் எதுவோ விழித்திருந்ததற்கு அதுவே சான்று. இந்த மறுப்பில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கருவியும் இந்தச் சாட்சியைப் பொய்யென்று நிரூபிக்காது. ஆனால் அந்த உறக்கச் சான்றை அட்லஸின் கட்டுப்பாட்டு அறையில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். ஒரு தடத்திலிருந்து சேதி எதுவும் வரவில்லை. அந்தப் புள்ளி உயிரோடு இருந்து, பார்க்க எதுவும் இல்லாததால் மௌனமாக இருக்கிறதா? செத்துப்போய் மௌனமாக இருக்கிறதா? மௌனத்தை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த ஃபீட்த்ரூ வழியாகவே வெளியிலிருந்து அளவு தெரிந்த ஒரு மின்துடிப்பை உள்ளே அனுப்பி, அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கிறார்கள். மௌனத்துக்கு உயிர் இருக்கிறதா என்று அறியத் தட்டிப் பார்த்தாக வேண்டும். உறங்கி எழுந்தவனின் வாக்குமூலமும் கம்பிகள் மறுபடி இணைந்த பிறகு, வெளித்தட்டில் நின்று வாசித்த குறிப்பு. அது ஒளிர்ந்துகொண்டிருந்த சாட்சியைப் பற்றியதா, சித்தாந்தி சொல்லும் இருட்டைப் பற்றியதா என்று அந்தக் குறிப்பால் பிரித்துச் சொல்ல இயலாது. சாட்சி இருக்கலாம். ஆனால் அதைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும் அந்தச் சொல் நாக்கும் மனமும் மொழியும் சேர்ந்த வாயிலைக் கடந்துதான் வந்திருக்கிறது. அந்தச் சுங்கத்தை அதுவும் கட்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆபத்தான நட்பு வரும். பார்ப்பவன் பார்க்கப்படுவதைக் கெடுக்கிறான் என்றால் உண்மை என்று எதுவும் இல்லை, அவரவர் பார்வை அவரவருக்கு என்று சிலர் என் தோளில் கை போடுவார்கள். கையை எடுத்துவிட வேண்டும். 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது, அட்லஸின் சான்றுகளில் முக்கியமான ஒன்று, அந்தத் துகள் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்த தடம். அந்த ஃபோட்டான்களின் ஆற்றலை அளந்தது இதே திரவ ஆர்கான் தொட்டிகள். சேதி வெளியே வந்தது சூட்டை உள்ளே கடத்திக்கொண்டிருந்த இதே கம்பிகள் வழியாக. அந்தச் சூடு துகளைப் பொய்யாக்கவில்லை. எவ்வளவு சூடு, எந்தப் பக்கம், எந்த நேரத்தில், அது சேதியை எவ்வளவு மாற்றும் என்பதெல்லாம் அளந்து எழுதி வைக்கப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்து–பிரான்ஸ் எல்லையின் இன்னோர் ஓரத்தில், முற்றிலும் வேறு பொருளால் செய்த சிஎம்எஸ் கருவி அதே நிறையைக் கண்டது. தொடுகையால் உண்மை கெடுவதில்லை. கணக்கில் வராத தொடுகையால் கெடுகிறது. சாட்சியின் தூய்மையைத் தேடுகிறவர் தன்னை அழித்துக்கொள்ளப் பார்க்கிறார். அறிவியலாளர் தன் கைச்சூட்டை அளந்து கழிக்கப் பார்க்கிறார். இரண்டாவதுதான் செய்யக்கூடியது.

இதுவரை பேசியதில் ஒரு வசதி இருந்தது: ஆர்கானுக்கு வலிக்காது. உயிருள்ளவர்களிடம் வரும்போது இந்த வாதம் கனம் கூடுகிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. திட்டம் வேண்டாமென்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் நிலை எடுத்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு அபாயம் என்று பரப்பப்பட்ட பேச்சு எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவை இப்போதும் நம்மைக் கடந்துதான் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் நியூட்ரினோ எதையும் தொடாது என்ற உண்மையைச் சொல்லி, அதைப் பிடிக்க மேற்குத் தொடர்ச்சி மலையில் குடையும் சுரங்கம் எதையெல்லாம் தொடும் என்ற கேள்வியை அமுக்கப் பார்த்தவர்களும் சரியில்லை. அறிவின் செலவு அறிகிறவன் கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை.

அந்தமானில் இந்தக் கணக்கு ரத்தத்தில் எழுதப்பட்டது. 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் சிறைக் குடியிருப்பு அமைத்தபோது பெரிய அந்தமானியர்கள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள் என்பது மதிப்பீடு; 1961 கணக்கெடுப்பில் 19 பேர். 1877இன் தட்டம்மை உட்பட, பழக வந்தவர்களோடு வந்து சேர்ந்த நோய்கள் அதில் பெரும்பங்கு வகித்தன. 1880இல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி வட சென்டினல் தீவுக்குள் புகுந்து ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். அறிந்துகொள்ளத்தான் கொண்டுவந்தார். எல்லோரும் நோயில் விழுந்தார்கள். முதியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகளோடு வேறென்ன தீவுக்குப் போனது என்று யாரும் அளக்கவில்லை. அந்தத் தீவு லம்பா லைன் ஓடுபாதையிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். இன்று அதற்கு 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டமும், கண் இருக்கட்டும் கை வேண்டாம் என்ற அரசின் கொள்கையும் காவல். 1991இல் கரையோரத்தில் தேங்காய் கைமாறிய நட்புப் பயணங்கள்கூட அந்தப் பத்தாண்டின் நடுவில் நிறுத்தப்பட்டன. 2018இல் நற்செய்தி சொல்லப் போன அமெரிக்க இளைஞர் கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னொருவர் கேமராவோடு கரையிறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக்கையும் வைத்துவிட்டுத் திரும்பிக் கைதானார். முன்னவர் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லப் போனார், பின்னவர் அவர்களைப் பார்க்கப் போனார். நோக்கத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். கொண்டுபோகக்கூடிய கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மனிதர்களைக் கருவியோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒப்பிடக்கூடாது, வேறுபாடுதான் இங்கே முக்கியம். ஆர்கானுக்கு வாசல் வேண்டுமா வேண்டாமா என்று கருத்து இல்லை. சென்டினல் மக்களுக்கு இருக்கிறது, அம்பால் சொல்கிறார்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்த சில நாள்களில் அவர்கள் பிழைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் போனது. மணலில் நின்ற ஒருவர் அதை நோக்கி வில்லை வளைத்தார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. மேலிருந்து பார்த்தோம், தொடவில்லை என்று ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். கீழே நின்றவருக்கு அது தொடுகைதான். ஆனாலும் அந்தப் பறப்பு சரி என்றே நான் நினைக்கிறேன். அன்று கேட்க வேண்டிய கேள்வி இருந்தது, உதவி தேவைப்பட்டிருக்கலாம், பதிலும் கிடைத்தது. அறிவுக்கு விலை உண்டு என்பதால் எதையும் அறியவே கூடாது என்றாகிவிடாது. அந்த விலையை யார் கொடுக்கிறார் என்று முன்னதாகப் பார்க்க வேண்டும் என்றுதான் ஆகும்.

தள்ளி நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. அது நம் பக்கம் விழுகிறது. 2001 கணக்கெடுப்பில் வட சென்டினலுக்கு 39 பேர் என்று எழுதினார்கள், 2011இல் 15 பேர். பாதிக்கும் கீழே குறைந்துபோனார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தூரத்திலிருந்து, கரையில் தென்பட்டவர்களை எண்ணிய எண்கள் அவை. காட்டுக்குள் இருந்தவர்கள் அதில் இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். டிரோன் அனுப்பலாம், வெப்பப் படம் எடுக்கலாம் என்று யோசனை சொல்வதற்கு ஆளுக்கா பஞ்சம்? சத்தமில்லாத டிரோன் வந்தாலும் வில் வளைத்தவரின் வாதம் அப்படியே நிற்கிறது. படிவத்தின் அந்தக் கட்டத்தில் ஒற்றை எண்ணை எழுதியாக வேண்டும் என்று யார் சொன்னது? துகள் இயற்பியலில் எந்த அளவும் அதன் பிழை வரம்பு இல்லாமல் அச்சேறுவதில்லை. இத்தனை முதல் இத்தனை வரை இருக்கலாம், கரையிலிருந்து இவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தது, கிட்டே போகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம்.